மாடு, ஆடுகளின் மயிர் உதிர்வும் தோல் நோய்களும்: புதிதாக வளர்க்கத் தொடங்குவோருக்கு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மாடோ ஆடோ புதிதாக வாங்கிக் கட்டியவர்களிற் பலர், முதல் மாரிமழை முடிவதற்குள் தங்கள் விலங்கின் உடலில் மயிர் கொட்டிய திட்டு ஒன்றையாவது கண்டுவிடுவார்கள். கண்டவுடன் அக்கம்பக்கத்தில் ஒருவர் வேப்பெண்ணெய் என்பார், இன்னொருவர் கழிவு ஒயில் என்பார், மூன்றாமவர் வயலுக்கு அடித்து மிஞ்சிய கிருமிநாசினியை எடுத்து வருவார். இந்த மூன்றில் எதையும் கையில் எடுக்கும் முன்னர், அந்தத் திட்டு எதனால் வந்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். ஏனென்றால் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் வழுக்கைத் திட்டு, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியாலும் வரலாம், பேனாலும் வரலாம், பங்கசு, பக்ரீரியா, வைரஸ் ஆகியவற்றாலும் வரலாம். தீவனத்தில் உள்ள குறையாலும், வெறுமனே கழுத்துக் கயிறு உராய்வதாலும்கூட வரலாம். ஒன்றுக்கு உதவும் மருந்து மற்றொன்றுக்கு உதவாது. சில வேளைகளில் கேடும் செய்யும்.

முதல் வேலை: பிரித்துக் கட்டுதல்

காரணம் தெரியும்வரை தொற்றுநோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். திட்டு தோன்றிய விலங்கை மற்றவற்றின் உடல் உராயாத தூரத்தில், நிழலும் காய்ந்த தரையும் உள்ள இடத்தில் தனியாகக் கட்டுங்கள். அதற்கான கயிறு, தண்ணீர் வாளி, தேய்க்கும் பிறஷ் எல்லாம் தனியாக இருக்கட்டும். நாள்தோறும் நலமாக உள்ளவற்றை முதலில் கவனித்துவிட்டு, நோயுற்றதைக் கடைசியாகத் தொடுவதும், பிறகு கைகளைச் சவர்க்காரம் இட்டு முழங்கைவரை கழுவுவதும் பழக்கமாக வேண்டும். சொறிச் சிற்றுண்ணி, படர்தாமரை, ஆட்டுக்குட்டிகளின் உதட்டில் பொருக்காக வரும் வாய்ப்புண் ஆகிய மூன்றும் மனிதருக்கும் தொற்றக்கூடியவை. கன்றையும் குட்டியையும் கட்டிப்பிடித்து விளையாடும் சிறுவர்களைச் சில வாரங்களுக்கு விலக்கி வைப்பது கடினமானதுதான், ஆயினும் செய்தாக வேண்டும். வீட்டில் எவருக்காவது கையிலோ வயிற்றிலோ அரிப்புத் தடிப்பு ஏற்பட்டிருந்தால் அதைக் கால்நடை வைத்தியரிடமும் சொல்லுங்கள். விலங்கின் நோயை அடையாளம் காண அது அவருக்கு நல்ல தடயமாகும்.

இரண்டாவது வேலை: பொறுமையாகப் பார்த்தல்

காலை வெளிச்சத்தில், விலங்கு அமைதியாக நிற்கும்போது, மூக்கிலிருந்து வால் நுனிவரை கையால் தடவிப் பாருங்கள். பார்க்க வேண்டியவை பல இருந்தாலும், நான் முதலிடம் கொடுப்பது அரிப்புக்கே. விலங்கு மரத்திலும் வேலிக்கட்டையிலும் ஓயாமல் உராய்கிறதா, பின்னங்காலால் சொறிகிறதா, கடித்துக்கொள்கிறதா என்பதைச் சற்றுத் தொலைவில் நின்று கால் மணி நேரமாவது கவனியுங்கள். கடுமையான அரிப்பு இருந்தால் சிற்றுண்ணி, பேன், உண்ணி என்ற பக்கம் சிந்தனை செல்ல வேண்டும். அரிப்பே இல்லாமல், அல்லது மிகக் குறைவாக, மயிர் கொட்டினால் படர்தாமரை, மழைக்காலப் பொருக்கு, ஊட்டக்குறைவு என்ற பக்கம் செல்ல வேண்டும்.

அடுத்து, திட்டு உடலின் எந்த இடத்தில் தொடங்கியது என்பது. கண்ணைச் சுற்றியும் காதோரத்திலும் என்றால் ஒன்று, முதுகுத்தண்டின் வழியே என்றால் வேறொன்று, வாலடியில் என்றால் இன்னொன்று. வெள்ளைத் தோல் உள்ள இடங்கள் மட்டும் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். இதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். ஒரு விலங்குக்கு மட்டுமா, பலவற்றுக்குமா, கன்றுகளுக்கு மட்டுமா என்று குறித்துக்கொள்ளுங்கள். மலக்குடலில் வெப்பமானி வைத்துக் காய்ச்சலையும் பாருங்கள்: வளர்ந்த மாட்டுக்கு 38 முதல் 39.3 பாகை செல்சியஸ் வரையும், ஆட்டுக்கு 38.5 முதல் 40 வரையும் இயல்பானவை. நண்பகல் வெயிலில் நடந்து வந்த விலங்கின் வெப்பம் தானாகவே கூடியிருக்கும் என்பதால், காலையில் அளப்பதே சரி.

பேன் இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், மயிரைப் பிரித்துத் தோலை நோக்குங்கள். பேன்சீப்பால் வாரி, வந்ததை ஒரு வெள்ளைத் தாளில் தட்டினால் சிறு பூச்சிகள் ஊர்வதும் மயிரடியில் ஈர் ஒட்டியிருப்பதும் தெரியும். சொறிச் சிற்றுண்ணியை இப்படிக் காண முடியாது. அது தோலுக்குள் சுரங்கமிட்டு வாழ்வதால், கால்நடை வைத்தியர் மெல்லிய கத்தி அலகால் திட்டின் ஓரத்தை இரத்தம் இலேசாகக் கசியும்வரை சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். எனவே வைத்தியரைக் காணச் செல்லும் முன்பு திட்டின்மீது எண்ணெயோ மருந்தோ பூசாதீர்கள். பூசினால் அவருக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. வைத்தியர் வர முடியாத தூரத்தில் பட்டி இருந்தால், திட்டின் ஓரத்திலுள்ள மயிரையும் பொருக்கையும் பிடுங்கி ஒரு கடித உறையில் இட்டு, விலங்கின் வயதையும் திட்டு உள்ள இடத்தையும் எழுதி எடுத்துச் செல்லலாம். பொலித்தீன் பையில் இட வேண்டாம், உள்ளே வியர்த்து மாதிரி பழுதாகிவிடும். திட்டின் தெளிவான தொலைபேசிப் படமும் உதவும்.

காரணங்களை இனங்காணுதல்

சொறி. ஆடுகளில் இது மூக்கு, கண், காது ஆகியவற்றைச் சுற்றித் தொடங்கி, கால்களின் உட்புறத்துக்கும் வயிற்றுக்கும் பரவும். மயிர் கொட்டிய தோல் தடித்து, மடிப்பு விழுந்து, சாம்பல் நிறப் பொருக்கு ஏறும். இரவில் அரிப்புத் தாங்காமல் ஆடு மேய்ச்சலையும் மறந்து மெலியும். மாடுகளில் ஒரு வகைச் சிற்றுண்ணி வாலடியையும் பின்னங்கால்களையும் விரும்பும். முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாவதற்கு இரண்டு முதல் மூன்று வாரங்கள் ஆவதால், ஒருமுறை மருந்திட்டு நிறுத்துவது வீண். முதல் மருந்தில் தப்பிய முட்டைகள் பொரித்து, அவை மீண்டும் முட்டையிடும் முன்னர், அதாவது 10 முதல் 14 நாள்களுக்குள் இரண்டாவது முறை கட்டாயம் செய்ய வேண்டும். இந்த இரண்டாவது முறையைத்தான் பெரும்பாலானோர் தவற விடுகிறார்கள். திட்டு ஆறிவிட்டது என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் நோய் மறுபடி வேர்விடுகிறது.

ஆட்டின் தோலில் அரிப்பே இல்லாத, பயறு அளவிலான சிறு முடிச்சுகள் தென்பட்டால் அது வேறொரு சிற்றுண்ணியின் வேலை. முடிச்சை அழுத்தினால் தடித்த வெண்பசை போன்ற பொருள் வெளிவரும். தோலின் விலையைக் குறைக்குமே தவிர, பொதுவாக ஆட்டின் உயிருக்கு ஊறு செய்வதில்லை.

பேன். மெலிந்த கன்றுகளிலும், கொட்டிலில் நெருக்கமாக அடைக்கப்பட்ட ஆடுகளிலும், எருமைகளிலும் கூடுதலாகக் காணப்படும். கழுத்து, தோள், முதுகு ஆகிய இடங்களில் மயிர் கலைந்து, சிலும்பி, பின் கொட்டும். இரத்தம் உறிஞ்சும் பேன் கூடிவிட்டால் கன்றின் கண்ணிமையின் உட்புறம் வெளிறும். மாட்டுப்பேன் மாட்டையும் ஆட்டுப்பேன் ஆட்டையும் விட்டு மனிதரில் வாழ்வதில்லை என்பதால் அந்த அச்சம் வேண்டாம். பேனுக்கான மருந்துகள் ஈரைக் கொல்லா. ஆகவே இங்கும் இரண்டு வாரத்தில் மறுபடி இடுதல் அவசியம். ஊசியாக ஏற்றும் மருந்து இரத்தம் குடிக்கும் பேனைக் கொல்லுமாயினும், தோற்செதிலைக் கடித்துத் தின்னும் பேனுக்கு அவ்வளவு பயன் தராது; அதற்கு மேற்பூச்சோ தெளிப்போ வேண்டும்.

உண்ணி. நம் பகுதியின் மாடுகளுக்கு இது ஆண்டு முழுவதுமான தொல்லை. மாட்டுண்ணி ஒரே மாட்டில் மூன்று வாரமளவில் தங்கி, இரத்தம் குடித்து ஊதிப்போய்த் தரையில் விழுந்து, ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். கடித்த இடத்தில் மயிர் கொட்டிப் புண்ணாவது சிறிய கேடு. காய்ச்சல் நோய்களைக் கொண்டுவருவது பெரிய கேடு. உண்ணி மொய்த்த மாடு காய்ச்சலுடன் தேநீர் நிறத்திலோ சிவப்பாகவோ சிறுநீர் கழித்தால், தோலை மறந்துவிட்டு அன்றே வைத்தியரை அழையுங்கள்.

படர்தாமரை. கன்றுகளின் கண்ணைச் சுற்றியும் காதிலும் கழுத்திலும், சாம்பற் பூசியது போன்ற வட்டத் திட்டுகளாக வரும். அரிப்புக் குறைவு. கன்று நலமாகத் தின்று துள்ளித் திரிந்தால், இரண்டு முதல் நான்கு மாதங்களில் பெரும்பாலும் தானாகவே ஆறி மயிர் முளைக்கும். அப்படியானால் மருந்து எதற்கு என்று கேட்கலாம். பிற கன்றுகளுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பரவாமல் தடுக்கத்தான். பொருக்கை மென்மையாகத் தேய்த்து நீக்கி, அயடீன் கரைசலை நாளுக்கொரு முறை பூசலாம். நீக்கிய பொருக்கைத் தரையில் விடாமல் எரித்துவிட வேண்டும், ஏனெனில் அதிலுள்ள பங்கசு வித்திகள் கொட்டிலில் ஓர் ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கக்கூடியவை.

மழைக்காலப் பொருக்கு. கார்த்திகையிலிருந்து தைவரை வடகீழ்ப் பருவமழை ஓயாது பெய்யும் நாள்களில் இதற்குத்தான் முதலில் ஐயுற வேண்டும். பெரும்போக வேளாண்மைக்காக வயல்கள் மூடப்பட்டதும், படுவான்கரைப் பட்டிகள் மயிலத்தமடு, மாதவணை போன்ற மேய்ச்சல் தரைகளுக்குச் செல்கின்றன. அங்கே கூரையின்றி, நனைந்த தரையில், இலையானும் நுளம்பும் மொய்க்க நிற்கும் மாடுகளின் தோல், நாள்கணக்கில் ஈரத்தில் ஊறி வலுவிழக்கிறது. அத்தோலுக்குள் ஒரு வகைப் பக்ரீரியா புகுந்து முதுகிலும் இடுப்பிலும் பொருக்குக் கட்டுகிறது. மயிர்க் கற்றை ஒன்றாக ஒட்டி, வர்ணம் தீட்டும் தூரிகைபோலக் குத்திட்டு நிற்கும். பிடித்து இழுத்தால் பொருக்கோடு கழன்று வந்து, அடியில் சீழ் கசியும் செந்தோல் தெரியும். இந்த அடையாளத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். குதிரைகளுக்கும் மழையில் வருவது இதே நோய்தான்.

இதற்கு உண்ணி மருந்தோ பங்கசு மருந்தோ பயன்படாது. முதல் மருந்து காய்ந்த இடம். தகரமோ கிடுகோ இட்டு ஒரு பத்தி இறக்கி, மேடாக மண்ணிட்டு, மாட்டை மழையிலிருந்து காப்பாற்றினாலே இலேசான நோய் தணிந்துவிடும். பொருக்கை இளஞ்சூட்டு நீரில் ஊற வைத்து வலிக்காமல் நீக்கி, ஐதாக்கிய அயடீன் கழுவுநீரால் கழுவி, நன்றாக உலர விடுங்கள். ஈரம் போகாமல் எண்ணெய் பூசி மூடிவிடுவது இங்கே செய்யத் தகாத செயல். உடலில் பெரும்பகுதி பாதிக்கப்பட்டிருந்தால் நுண்ணுயிர்கொல்லி ஊசி தேவைப்படும். அதைத் தெரிந்தெடுப்பதும் அளவிடுவதும் வைத்தியரின் பணி.

தோல் கழலை நோய். இலங்கையில் 2020ஆம் ஆண்டில் வடக்கில் தலைகாட்டிய இந்த வைரஸ் நோயை ஒவ்வொரு மாட்டுக்காரரும் அறிந்திருக்க வேண்டும். முதலில் கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், தீவனத்தில் மனமின்மை. பிறகு உடலெங்கும் 2 முதல் 5 சென்ரிமீற்றர் அகலமான, தொட்டால் உறுதியான, வட்டமான கழலைகள். கழலைகள் செத்துக் கழன்று குழிப்புண்ணாகும், பால் சட்டென்று குறையும், சினைமாடு கன்றை இழக்கலாம். இரத்தம் குடிக்கும் இலையான்களும் நுளம்புகளும் உண்ணிகளும் இதைப் பரப்புகின்றன. இத்தகைய கழலைகளைக் கண்டால் அந்த மாட்டை விற்கவோ, வேறு பட்டிக்குக் கொண்டு செல்லவோ, பொது மேய்ச்சலுக்கு விடவோ கூடாது. கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். நோயுற்ற மாட்டுக்கு ஏற்றிய ஊசியை மற்றொன்றுக்குப் பாவிக்கக் கூடாது. வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை என்பதால் காய்ச்சலைத் தணிப்பதும், புண்ணைக் காப்பதும், மென்மையான தீவனமும் நீரும் கொடுப்பதுமே பராமரிப்பு. பெரும்பாலான மாடுகள் பிழைத்துக்கொள்ளும். மனிதருக்கு இது தொற்றாது. நலமாக உள்ள மாடுகளுக்குத் தடுப்பூசி உண்டு; மழைக்கு முன்னரே அதைப் பற்றி விசாரித்து வைப்பது நல்லது.

வெயிலில் வெந்த தோல். மேலே சொன்ன வெள்ளைத் தோலின் செய்தி இதுதான். கறுப்பு வெள்ளைப் புள்ளி மாட்டில் வெள்ளைப் பகுதிகள் மட்டும் சிவந்து, வீங்கி, பின் தோல் உலர்ந்து தகடாகக் கழன்றால், அது தோலின் நோயே அன்று; ஈரலின் நோய். காட்டோரங்களில் புதராக மண்டும் நாயுண்ணிச் செடியை, வறட்சியில் வேறு பசும்புல் கிடைக்காத மாடுகள் தின்றுவிடும். அதன் நஞ்சு ஈரலைத் தாக்க, இரத்தத்தில் தேங்கும் ஒரு பொருள் நிறமற்ற தோலை வெயிலில் வேகச் செய்கிறது. கறுப்புத் தோல் தப்பிவிடும். கண்ணின் வெண்மை மஞ்சளாகவும் காணப்படலாம். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, அந்தச் செடி இருக்கும் இடத்துக்கு மீண்டும் விடாமல், வைத்தியரை அழைக்க வேண்டும். ஆவணி, புரட்டாதி வறட்சியில் உன்னிச்சை, உறுகாமம் போன்ற குளங்களை அண்டிய காட்டோரங்களில் மேய்ப்பவர்கள் இதை மனத்தில் இருத்துங்கள்.

ஊட்டக்குறைவு. சிறுபோக அறுவடைக்குப் பின் பல மாடுகள் வைக்கோலை மட்டுமே தின்று வாழ்கின்றன. வைக்கோல் வயிற்றை நிரப்பும். ஆனால் அதிலுள்ள புரதம் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கே, கனியுப்புகளும் குறைவு. நாகம் (துத்தநாகம்) என்ற கனியுப்புக் குறைந்தால் முகத்திலும் கால்களிலும் தோல் தடித்துச் செதிலுதிரும். செம்பு குறைந்தால் கறுப்பு மயிர் செம்பட்டையாக வெளிறி, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி அணிந்ததுபோல் நிறம் மாறும். அரிப்பு இல்லை, பூச்சி இல்லை, பட்டியில் பலவற்றுக்கும் மயிர் பொலிவிழந்துள்ளது என்றால் மருந்துக் கடைக்குப் போகும் முன்னர் தொட்டியைப் பாருங்கள். கிளிசரியா, இப்பிலிப்பில், முருங்கை போன்ற மரங்களின் இலைகளை நாளும் ஓரளவு சேர்த்துக் கொடுப்பதும், நக்குவதற்குக் கனியுப்புக் கட்டி தொங்கவிடுவதும் சில மாதங்களில் மாற்றத்தைக் காட்டும். இப்பிலிப்பிலை மட்டும் அளவுக்கு மிஞ்சிக் கொடுக்க வேண்டாம், அதுவே மயிரை உதிர்க்கும் நஞ்சு ஒன்றைக் கொண்டது. மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றிலொரு பங்குக்குக் கீழ் இருப்பது நல்லது.

இவை தவிர, நோயல்லாத உதிர்வும் உண்டு. கடுங்காய்ச்சல் ஒன்றிலிருந்து தேறிய சில வாரங்களின் பின் மயிர் கற்றையாக உதிர்ந்து தானே முளைக்கும். கழிச்சல் கண்ட கன்றின் வாலடியில் மலம் பட்டு மயிர் கொட்டும். நைலோன் கயிறு இறுகினால் கழுத்தில் வளையமாக வெறுந்தோல் தெரியும். கயிற்றைத் தளர்த்திக் கட்டினாலே போதும்.

மருந்திடும்போது

அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பிரதேசந்தோறும் உள்ளன. அங்கே உங்கள் பட்டியைப் பதிந்துகொள்வது புதிதாகத் தொடங்குவோர் செய்ய வேண்டிய முதற்கடமை. வைத்தியர் எழுதித் தரும் மருந்தை மட்டும் வாங்குங்கள். அவர் முதலில் கேட்பது விலங்கின் நிறையாகத்தான் இருக்கும். தராசு இல்லாதவர்கள் தையல் அளவு நாடாவால் அறியலாம். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனைவரையான நீளத்தையும் சென்ரிமீற்றரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் கிலோகிராமில் நிறை கிடைக்கும். சுற்றளவு 140, நீளம் 120 என்றால் மாடு ஏறத்தாழ 217 கிலோகிராம். கண்மதிப்பில் 300 என்று சொல்லியிருந்தால் மருந்து மூன்றிலொரு பங்குக்கு மேல் கூடிப்போயிருக்கும்.

சிற்றுண்ணிக்கும் உறிஞ்சும் பேனுக்கும் பரவலாகக் கொடுக்கப்படும் ஐவமெக்ரின் 1 வீத ஊசிமருந்து, மாட்டுக்கு 50 கிலோகிராமுக்கு 1 மில்லிலீற்றர் என்ற அளவில் தோலுக்கடியில் ஏற்றப்படுவது. இது பாலில் நெடுநாள் கலந்து வருவதால், பால் கறக்கும் பசுவுக்கு இதை ஏற்றக் கூடாது. இறைச்சிக்கு விற்கவும் வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். தயிருக்குப் பெயர் பெற்ற நம் ஊரின் பாலைக் குழந்தைகளும் குடிக்கிறார்கள் என்பதை மருந்து போடும் ஒவ்வொரு முறையும் நினைவிற் கொள்ள வேண்டும். எந்த மருந்தானாலும், எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று வைத்தியரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

உண்ணிக்கும் சொறிக்கும் தெளிக்கும் அமித்ராஸ் 12.5 வீதச் செறிவில் இருந்தால், மாட்டு உண்ணிக்கு 1 லீற்றர் நீருக்கு 2 மில்லிலீற்றர் என்பது வழக்கமான அளவு. போத்தலிலுள்ள அறிவுறுத்தல் வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். விலங்குக்கு முதலில் தண்ணீர் காட்டி, மழை வராத காலைப் பொழுதில், மயிர் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக நன்றாக நனையத் தெளிக்க வேண்டும். காதின் உட்புறம், வாலின் அடி, தொடை இடுக்கு, மடியின் பின்புறம் ஆகிய இடங்களில்தான் உண்ணி ஒளிந்திருக்கும். முதுகை மட்டும் நனைத்துவிட்டு முடித்துக்கொள்வது மருந்தை வீணாக்குவதாகும். திறந்த புண் உள்ள விலங்குக்கும் இளங்கன்றுக்கும் வைத்தியரைக் கேட்காமல் தெளிக்க வேண்டாம். குதிரை வைத்திருப்பவர்கள் அமித்ராஸை அவற்றுக்கு எக்காரணத்தாலும் பாவிக்கக் கூடாது. அது குதிரையின் குடலை இயங்கவிடாமல் நிறுத்தி உயிருக்கே உலை வைக்கும். தெளிப்பவர் கையுறையும் முகமூடியும் நீண்ட கைச்சட்டையும் அணிந்து, காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மிஞ்சிய நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ வாவியிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். தெளித்த மாட்டை அன்று குளத்தில் இறக்கவும் வேண்டாம். இவ்வகை மருந்துகள் மீனுக்கு நஞ்சு.

வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியை மாட்டுக்குத் தெளிப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அதன் செறிவும் கலவையும் பயிருக்காக அமைந்தவை. தோலால் உறிஞ்சப்பட்டும் நக்கப்பட்டும் விலங்கு நடுங்கி, எச்சில் வடித்து, மூச்சடைத்து இறக்கக்கூடும். கழிவு ஒயிலும் அப்படியே. அதில் ஈயம் முதலிய உலோகங்கள் இருக்கலாம், மாடு தன் உடலை நக்காமல் இருக்காது, ஈயம் அதன் நரம்பைக் கெடுக்கும், பாலிலும் வரும். மண்ணெண்ணெய் தோலை வேகச் செய்யும். வேப்பெண்ணெயை இவற்றோடு சேர்க்க மாட்டேன்: புண்ணோரத்தில் பூசினால் இலையானை ஓரளவு விரட்டும், ஆறிவரும் தோலுக்கும் இதமானது. ஆயினும் அது மட்டுமே சொறியைக் குணமாக்கிவிடும் என்று காத்திருந்தால் நாள்தான் போகும். பழைய முறைகளில் நம்பத்தக்கது கந்தகம். 100 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெயில் 10 கிராம் கந்தகத் தூளைக் குழைத்து, ஆட்டின் சிறிய சொறித் திட்டுகளில், கண்ணிற் படாமல், சில நாளுக்கொரு முறையாகத் தொடர்ந்து பூசினால் பயன் தரும்.

ஒன்றுக்கு மட்டும் மருந்திட்டால் போதாது. சொறி, பேன், உண்ணி மூன்றிலும், நோய்க்குறி தெரியாத விலங்குகள் உட்பட ஒன்றாக அடையும் அனைத்துக்கும் ஒரே நாளில் மருந்திட வேண்டும். அன்றே மாடு அடைக்கும் காலையையும் கொட்டிலையும் துப்புரவாக்க வேண்டும்: பழைய எருவை வாரி வெளியேற்றி, தரையைச் சுண்ணாம்பு இட்டுக் காய விட்டு, கயிறுகளைக் கொதிநீரில் இட்டு, விலங்குகள் உராய்ந்த கட்டைகளைத் தேய்த்துக் கழுவி வெயிலில் விடுங்கள். இடவசதி உள்ளவர்கள் அந்தக் கொட்டிலை இரண்டு மூன்று வாரங்கள் வெறுமையாக விட்டால் சிற்றுண்ணியும் பேனும் உணவின்றி மடியும். ஆட்டுக்கு நிலத்திலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில், பலகை இடைவெளி விட்ட பரண் கொட்டில் அமைப்பது, வெள்ளம் ஏறும் வாகரை, கிரான், வெல்லாவெளி, திருக்கோவில் போன்ற இடங்களில் தோலுக்கும் குளம்புக்கும் சேர்த்துக் கிடைக்கும் பாதுகாப்பு.

புண் எதுவாயினும் இலையானுக்கு இடங்கொடுக்காதீர்கள். சொறிந்து கிழிந்த தோல், உண்ணி கடித்த இடம், குறிசுட்ட காயம், புதிதாகப் பிறந்த கன்றின் தொப்புள் ஆகியவற்றில் ஒரு வகை இலையான் முட்டையிட, ஒரு நாளுக்குள் புழு பொரித்து உயிருள்ள தசையைத் துளைத்து உள்ளே செல்லும். துர்நாற்றமும் ஓயாத வாலடிப்பும் அதன் அறிகுறிகள். மாரியில் நாளிருமுறை புண்ணைப் பார்ப்பதும், தொப்புளில் பிறந்த உடனேயே அயடீன் இடுவதும், குறிசுடுதலை இலையான் குறைந்த வறண்ட மாதங்களுக்குத் தள்ளிவைப்பதும் பெரும் துன்பத்தைத் தவிர்க்கும்.

குணமாவதற்கு ஆகும் காலம்

பூச்சி செத்தாலும் மயிர் மறுநாளே முளைக்காது. அரிப்பு ஒரு வாரத்தில் தணியத் தொடங்க வேண்டும், புதிய திட்டு தோன்றக் கூடாது. மயிர் நிறைய ஒன்று முதல் இரண்டு மாதம் செல்லும். இரண்டாவது மருந்துக்குப் பின்னும் அரிப்பு நீடித்தால், மருந்தைக் கூட்டாமல் வைத்தியரிடம் திரும்பச் செல்லுங்கள். நோயை மாற்றி இனங்கண்டிருக்கலாம், அல்லது உண்ணி அம்மருந்துக்குப் பழகியிருக்கலாம். அப்போது மாற்ற வேண்டியது மருந்தின் வணிகப் பெயரை அன்று, அதிலுள்ள மருந்து வகையை. போத்தலின் மேலுறையைக் கிழித்து வைத்துக்கொண்டால் இதற்கு உதவும். ஒரு பழைய கொப்பியில் விலங்கின் அடையாளம், திட்டு தோன்றிய நாள், போட்ட மருந்து, அளவு, மறுமுறைக்கான நாள், பால் ஒதுக்க வேண்டிய கடைசி நாள் ஆகியவற்றை எழுதி வருவது, எத்தனை மாடு இருந்தாலும் தேவையானது.

புதிதாக ஒரு மாட்டையோ ஆட்டையோ வாங்கி வரும்போது, விற்பவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், பகலில் பாருங்கள். காதைத் திருப்பி உள்ளே நோக்குங்கள், வாலைத் தூக்குங்கள், மயிரைப் பிரித்துத் தோலைத் தொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரம் தனியே கட்டி, அதற்குள் ஒருமுறை உண்ணி மருந்திட்டு, புதுத் திட்டு ஏதும் தோன்றவில்லை என்று உறுதிப்படுத்திய பின்பே பட்டியோடு சேருங்கள்.